ரோடு வழியாகப் போகாதவர்

கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் உயரும். லேப் அக்காவுக்குத் தாழும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், புடவைத் தலைப்பால் துடைப்பார், மறுபடி மாட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு அவர் பேசுவது காதில் விழ வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். யாரும் போகமாட்டார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் நான் மருந்துக் கவுன்ட்டரில் இருந்தேன். எதிர் அறையில் அவர் ரத்தம் எடுப்பார். சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். எனக்கு முப்பத்தைந்து வயது, அவருக்கு ஐம்பதை நெருங்கும். எல்லோரும் லேப் அக்கா என்றே கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். ஊசி போனதே தெரியாது, அவ்வளவு மென்மையான கை. நாக்கு அப்படியில்லை.

காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் ஏரியாவில் செல்வாக்கான ஒருவரின் மைத்துனரை டாக்டரே தோளில் கைபோட்டு அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். அக்கா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு கண்ணாடியைத் துடைத்தார்.

"டாக்டர், இவங்கெல்லாம் ராத்திரியிலேருந்து பட்டினி. இவர் வாயில இட்லி சாம்பார் வாசனை வருது. சாப்பிட்டவருக்கு என்ன அவசரம்?"

மைத்துனர் எழுந்து பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தார். டாக்டரின் முகம் நாள் முழுக்கச் சிவந்தே இருந்தது. சாயங்காலம் நான், "விடுங்கக்கா, நமக்கெதுக்கு" என்றேன். அன்றைக்குத்தான் அவர் என்னைத் திட்டினார். "அந்த வார்த்தையை என்கிட்ட சொல்லாதே. விடு விடுன்னு சொல்றவன் எவனும் எதையும் விட்டதில்ல. நம்மளைத்தான் விடச் சொல்லுவான்."

கிழக்குத் தாம்பரத்தில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் அவருடைய அப்பாவை நிற்க வைத்தே பேசினார்களாம். "காபி டம்ளரையெல்லாம் திரும்ப எடுத்துட்டு உள்ள போயிட்டேன். யாரும் ஒரு வாய்கூட குடிக்கல" என்றார். அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. அந்தக் காபியை அவராவது குடித்தாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. குடித்தாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை ஆராதனைக்குப் போய்விடுவார். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்த பாஸ்டரை வாசலில் நிறுத்தி, "மன்னிக்கச் சொல்றீங்க, சரி. செய்யறவன் நிறுத்தினதுக்கு அப்புறமா, நிறுத்தறதுக்கு முன்னாலயேவா?" என்று கேட்டவர் அவர். அந்த பாஸ்டர் நல்ல மனிதர். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

கூட வேலை பார்த்த ஒரு நர்சின் கல்யாணத்துக்காக கிளினிக் ஆட்கள் எல்லோரும் மாமல்லபுரத்துக்கு பஸ்ஸில் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து இடப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மதில், கேட், மதில், போகன்வில்லா, மதில். உத்தண்டி தாண்டியதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடற்கரைச் சாலைன்னு பேரு. கடல் எங்கே?"

"சுவருக்கு அந்தப் பக்கம் இருக்குக்கா."

"அந்தப் பக்கம் போய்ப் பார்க்கணும். திருவான்மியூர்லேருந்து மாமல்லபுரம் வரைக்கும் தண்ணியோரமா நடந்தே வரணும். ஒரே நாள்ல முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமா." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் சுகர் ரிசல்ட் நான்தான் பார்த்தேன். நீயும் வா. பார்க்ல ரவுண்டு ரவுண்டா சுத்தறதுக்கு இது மேல்."

என் கணவருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்குவார். பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொண்டார். நான் போனேன்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாக பஸ். பள்ளிக்கரணை வரும்போது சதுப்பு நிலத்தோரம் எரிகிற குப்பையின் புகை பஸ்ஸுக்குள் வரும். எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். அக்கா சாத்தவிடமாட்டார். "இங்க குடியிருக்கிறவங்க எந்த ஜன்னலைச் சாத்துவாங்க?" என்பார். நாங்கள் எல்லோரும் இருமிக்கொண்டே போவோம். அவரோடு எங்கேயும் சுகமாகப் போக முடியாது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

நடப்பதற்கு அவரிடம் இரண்டே விதிகள். போன வாரம் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நடந்து முடித்து பஸ் பிடிக்கப் போகும்வரை ரோட்டுக்கு ஏறக்கூடாது. புடவையை முழங்காலுக்குக் கீழே வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈர மணலில் விறுவிறுவென்று நடப்பார். கிளிஞ்சல் பொறுக்கமாட்டார். கடலைப் பார்த்து ரசித்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை நீலாங்கரையில் சூரியன் மேகத்துக்குள்ளிருந்து வெளியே வந்தது. எவ்வளவு அழகு என்றேன். "அதுக்குச் சுவர் எழுப்ப இன்னும் வழி கண்டுபிடிக்கல. அதான் நீ பார்க்கறே" என்றார்.

கொட்டிவாக்கம், பாலவாக்கம், ஈஞ்சம்பாக்கம், பனையூர். சாக்கடை கடலில் விழும் இடங்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுவோம். மீனவக் குப்பங்களில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் எங்கே போகிறோம் என்று கேட்பார்கள். மாமல்லபுரம் என்றதும், "பஸ்ஸு கீதே" என்பார்கள். சுனாமிக்குப் பிறகு அவர்களைக் கரையிலிருந்து தள்ளிப் போகச் சொல்லி அதிகாரிகள் வந்துகொண்டிருந்தார்கள். கடல் ஆபத்தாம். அதே கரையில், அதே கடலுக்கு எதிரில், புதிது புதிதாக மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. "பணக்காரன் வீட்டுப் பக்கம் அலை வராதுன்னு யார்கிட்ட எழுதி வாங்கினாங்க?" என்று அக்கா கேட்பார்.

முட்டுக்காட்டில் முகத்துவாரம் திறந்திருந்தது. ஆறு கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. மேலே ரோட்டில் பாலம் இருந்தது. நான் பாலத்தைப் பார்த்தேன். அக்கா படகைப் பார்த்தார். கரையில் படகைக் கழுவிக்கொண்டிருந்தவர், "பாலம் இருக்கேம்மா" என்றார். "பாலம் ரோட்டுல இல்ல இருக்கு" என்றார் அக்கா. படகுக்காரர் சிரித்துக்கொண்டே எங்களை அக்கரையில் கொண்டுபோய் விட்டார்.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் குப்பம். அதை ஒட்டி ஒரு பெரிய பங்களா. மற்ற பங்களாக்களின் மதில் மணலோடு நின்றுவிடும். இந்தப் பங்களாவின் மதில் மணலைத் தாண்டி, தண்ணீர் தொடும் இடம்வரை வந்திருந்தது. அதன் நுனியில் கருங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். கல்லின் மேல் நீல யூனிஃபார்ம் போட்ட வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"மேடம், இப்டி போவக்கூடாது. அந்தாண்ட சந்து கீது. ரோட்டு மேல ஏறிப் போயிடுங்க."

"இது யாரோட இடம்?"

"ஓனரோடது."

"சுவருக்குள்ள இருக்கறது ஓனரோடது. தண்ணி யாரோடது?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "சீக்கிரமா போயிடுங்க மேடம். உள்ள ஆளுங்க வந்துகிறாங்க." அக்காவின் கையைப் பிடித்துக் கல்லுக்குக் கல் தாண்ட வைத்தார். என்னையும் தாண்ட வைத்தார். அத்தோடு நாங்கள் போயிருக்கலாம்.

பங்களாவின் முன்னால் புல்வெளியில் நாற்காலி போட்டு நான்கைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் எழுந்து, "ஹலோ, இது பிரைவேட் பிராப்பர்ட்டி" என்று கத்தினார். அக்கா நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் பக்கத்தில் போய் மெதுவான குரலில், கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை என்று தொடங்கி, நீளமாகப் பேசினார். டீ குடித்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். கடைசியில் அக்கா சொன்னார்: "உங்க வாட்ச்மேனுக்கே நியாயம் தெரிஞ்சு வழி விட்டாரு. உங்களுக்குத் தெரியலயா?"

அந்த ஒரு வரி. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அப்போது அது நல்ல அடியாகத்தான் தோன்றியது.

அடுத்த ஞாயிறு, விட்ட இடத்துக்கே வந்தோம். மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எங்களையே பார்த்தபடி வந்தாள். முப்பது வயதிருக்கும். கூடையை இறக்கிவைத்தாள்.

"போன வாரம் ஓனராண்ட வாய் பேசினது நீதானே?"

"நான்தான்" என்றார் அக்கா.

"என் வூட்டுக்காரரு ஏழுமலை. அந்த வாட்ச்மேனு. உன்னாலதான் வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கோ. சுனாமில போட்டு போச்சி, வலை போச்சி. இந்த வேலைக்கு எத்தினி பேரு காலைப் புடிச்சோம் தெரியுமா? உனுக்கு வாரத்துக்கு ஒரு தபா நடை. எங்களுக்கு அதாம்மே சோறு."

நான் அக்காவின் கை கண்ணாடிக்குப் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. அவர் அப்படியே நின்றார். அவரை யாரும் திட்டி, அவர் பதில் சொல்லாமல் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணின் பெயர் கன்னியம்மா. அவள் நிறுத்தாமல் திட்டினாள். அலை வந்து எங்கள் கால்களை நனைத்துவிட்டுப் போனது.

திட்டி முடித்ததும் அக்கா கேட்டார்: "ஓனர் இன்னிக்கு இருக்காரா?"

"கார் நிக்கிது."

அக்கா நேராகச் சந்துக்குள் நுழைந்து ரோட்டுக்கு ஏறினார். பங்களாவின் முன் கேட்டில் போய் மணி அடித்தார். வெகுநேரம் வெயிலில் நின்ற பிறகு அந்த மனிதர் வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"வாட்ச்மேன் மேல தப்பில்லை. நான்தான் மீறி வந்தேன். அவரை வேலைக்கு எடுத்துக்குங்க" என்றார் அக்கா.

"சாரி சொல்லுங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சாரி" என்றார்.

"சரியா கேக்கலை."

இன்னும் ஒரு முறை சொன்னார். இரண்டு முறையும் ஒரே மாதிரி, நல்ல தெளிவான குரலில். அந்த ஆள் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு கேட்டில் ஒரு கல்லை விட்டெறிய வேண்டும் போலிருந்தது. பஸ்ஸில் வரும்போது, "நீங்க ஏன்க்கா சொன்னீங்க, அவன் எடுக்கமாட்டான்" என்றேன். "எடுக்கமாட்டான்னு எனக்கும் தெரியும். ஆனா அவ என்னைக் கேட்டாளே" என்றார்.

எடுக்கவில்லை. வேறு மாநிலத்திலிருந்து யாரோ ஒரு புது ஆள் அந்த நீல யூனிஃபார்மில் நின்றார். ஏழுமலை யாருடைய படகிலோ கூலிக்குக் கடலுக்குப் போனார். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு லாரி கருங்கல்லை மேலும் கொண்டுவந்து தண்ணீருக்குள்ளேயே கொட்டினார்கள். அலை உள்வாங்கும்போது ஓடித்தான் அந்த இடத்தைக் கடக்க வேண்டும். குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு தெற்குப் பக்க ஊர்களுக்கு விற்கப் போக அதுதான் வழி. சந்து வழியாகச் சுற்றிப் போகலாமே என்றால், அந்தச் சந்துக்கும் ஒரு பூட்டுப் போட்ட கேட் வந்துவிட்டது.

நாங்கள் அந்த இடத்தைத் தாண்டி நடக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் குப்பம் வரை போவோம், கன்னியம்மா வீட்டு வாசலில் உட்காருவோம், திரும்பி வருவோம். முதல் இரண்டு வாரம் அவள் எங்களோடு பேசவில்லை. மூன்றாவது தடவை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அக்கா அவளுடைய மாமியாருக்கு ரத்தம் எடுத்து, தாம்பரத்தில் சோதித்து, மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்பு என்று எதுவும் யாரும் பேசவில்லை.

இப்படி ஒரு வருடம் ஆன பிறகு ஒரு ஞாயிறு போனபோது கன்னியம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு இருந்தது. கூடையோடு ஓடும்போது அலை தூக்கி அந்தக் கல்லில் அடித்திருந்தது. மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"இப்ப இன்னா சொல்ற?" என்று அக்காவைக் கேட்டாள்.

"நான் சொல்லி ஏற்கெனவே உன் வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. நீ சொல்லு. நீ சொல்றதை நான் செய்யறேன்."

"கல்லை எடுக்கணும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலையில் குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கடப்பாரையால் நெம்பி, நான்கு பேர் ஒரு கல் என்று உருட்டினார்கள். ஆண்கள் படகுகளின் ஓரம் நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் இறங்கினார்கள். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் உள்ளங்கை கிழிந்தது. எனக்கு வலிக்கவில்லை. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் கோபப்பட்டதில்லை.

முக்கால்வாசிக் கல்லை எடுத்தபோது போலீஸ் ஜீப் வந்தது. வந்த எஸ்.ஐ. குப்பத்துப் பெண்களை விட்டுவிட்டு நேராக அக்காவிடம் போனார். பெயரைக் கேட்டார். கிறிஸ்தவப் பெயர் என்றதும் அவர் முகம் மாறியது.

"தாம்பரத்துலேருந்து இங்க என்ன வேலை? மதம் மாத்த வந்தியா?"

ஐம்பது வயதுப் பெண்ணை ஒருமையில் கேட்டான் அந்த ஆள். எழுதும்போது அவனுக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் நெற்றியில் குங்குமத்தோடு பக்கத்தில் நிற்கிறேன். என்னை அவன் பார்க்கவே இல்லை. கன்னியம்மாதான் கட்டுப் போட்ட கையோடு நடுவில் வந்தாள்.

"சார், எங்க ஊரு கெங்கையம்மன் கோயிலு அதோ கீது. இந்தம்மா ஒரு வருசமா வந்துகினு கீது. ஒரு தபாகூட ஜபம் பண்ணி நான் பாத்ததில்ல. திட்டித்தான் பாத்துக்கிறேன். திட்றதுக்கு எந்த மதம் சார்?"

கல்லை விட்டுவிட்டு நின்ற ஆண்கள் சிரித்தார்கள். எஸ்.ஐ.க்கு அது இன்னும் எரிச்சலாகிவிட்டது. எங்களையும் குப்பத்துப் பெண்களையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் வெளியே தரையில் உட்கார வைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசி, சாயங்காலம் விட்டார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. எடுத்த கல்லை யாரும் திரும்பப் போடவும் இல்லை. போட்டால் குப்பம் முழுக்க இறங்கும் என்று தெரிந்துவிட்டது.

ஆனால் யாரோ டாக்டருக்கு போன் செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். கிளினிக்கின் பெயர் கெடுகிறது என்றார். அக்காவை அந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து முகத்தை மென்மையாக வைத்துக்கொண்டார். "நீங்க குடும்பப் பொம்பளை. தெரியாம கூடப் போயிட்டீங்க. பரவாயில்ல."

தெரியாமல். என் உள்ளங்கையில் தையல் போட்டிருந்தது. எனக்குத் தெரியாமல் எந்தக் கல்லை நான் தூக்கினேன்? நானும் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா மேஜைக்குக் கீழே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வெளியே வந்ததும், "ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல் போகுது. நீ இரு. உன் கோபத்தைச் செலவு பண்ணிடாத, வெச்சுக்கோ" என்றார். வைத்துக்கொண்டேன். இன்னும் இருக்கிறது.

அவருடைய தம்பியும் டாக்டர் சொன்னதுதான் சரி என்றார். "இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இதெல்லாம், விடு" என்றாராம். அந்த வார்த்தையைச் சொன்னதற்காக ஒரு மாதம் அக்கா அவரோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே சமையலறையில்.

அக்கா வேலையிலிருந்து நின்ற இரண்டாவது வாரம். காலைக் கூட்டம். மாவுக்கட்டுப் போட்ட கையோடு கன்னியம்மா கிளினிக்குக்குள் வந்தாள். கோவளத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். கட்டைப் பார்த்து நோயாளி என்று நினைத்து டோக்கன் கொடுத்தார்கள். அவளும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். முறை வந்ததும் உள்ளே போனாள். கதவைச் சாத்தாமலேயே போனாள்.

"கையில என்னம்மா?" என்று டாக்டர் கேட்பது எனக்குக் கேட்டது.

"அத்த வுடு. எங்க அக்காவை ஏன் அனுப்ச்சே?"

"அது இங்க உள்விவகாரம்மா. நீ யாரு?"

"கல்லு தூக்கினது நாங்க. ஸ்டேசன்ல குந்திகினது நாங்க. எங்கள எவனும் வேலைய வுட்டு அனுப்பல. இவங்கள நிறுத்திடுன்னு கடலாண்ட போய் எவனும் சொல்ல முடியாது பாரு. அந்தக்காவுக்கு இந்த ஒரு வேலைதான் உன் கையில இருந்திச்சி. அத்தப் புடுங்கிட்ட. உனுக்கும் அந்த பங்களாக்காரனுக்கும் இன்னா வித்தியாசம்? அவன் கல்லு போட்டான். நீ இன்னா போட்ட?"

டாக்டர் மணியை அடித்தார். "அடுத்தது யாரு?" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. மாதாமாதம் அக்காவிடம் ரத்தம் கொடுத்துவந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் டோக்கனை என் கவுன்ட்டரில் வைத்துவிட்டு வெளியே போனார். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். பிறகு ஒரு தாயார் காய்ச்சலடிக்கும் குழந்தையோடு எழுந்து உள்ளே போக வேண்டியதாயிற்று. டாக்டர் அக்காவைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவருக்கு அன்றைக்கு நடந்தது மறந்திருக்காது என்பது மட்டும்தான் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"டோக்கன் வாங்கிட்டுத்தான் போனாளா?"

"ஆமாக்கா."

"முறை வர்ற வரைக்கும் உக்காந்தாளா?"

"உக்காந்தா."

கண்ணாடியைக் கழற்றினார். மெதுவான அந்தக் குரலுக்காக நான் காத்திருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

அதற்கு அடுத்த ஞாயிறு நடையைத் தொடர்ந்தோம். இந்த முறை மூன்று பேர். கன்னியம்மா, "மீனும் இல்ல, கூடையும் இல்ல, சும்மா நடக்கிறதா, எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கல் எடுத்த இடத்தைத் தண்ணீரில் கால் நனையத் தாண்டினோம். புது வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெரிய மணல் மேடு, சவுக்குத் தோப்பு, ஒரு பாழடைந்த படகு. பிறகு இன்னொரு மதில். அதுவும் தண்ணீர் வரை வந்திருந்தது.

அங்கேயும் ஒரு வாட்ச்மேன் இருந்தார். அறுபது வயதுக்கு மேல். கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

அக்கா அவருக்காகக் காத்திருந்தார். முதலில் அவர் எந்த ஊர் என்று கேட்டார். திருப்போரூர் பக்கம் என்றார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு மகள், கட்டிக்கொடுத்தாயிற்று என்றார்.

"எங்களை விட்டீங்கன்னா உங்களை வேலையிலேருந்து தூக்கிடுவாங்களா?"

பெரியவர் கொஞ்சம் திகைத்து, "ஆமாம்மா" என்றார்.

"அப்ப விடாதீங்க. போய் உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க. மூணு பொம்பளைங்க வந்திருக்காங்க, நான் தடுத்துட்டேன், போகமாட்டேங்கறாங்கன்னு சொல்லுங்க. அவரையே வரச் சொல்லுங்க."

பெரியவர் மதிலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அக்கா ஷூவை மணல் மேட்டில் வீசிவிட்டு, மதிலின் நுனியில், ஈர மணலில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் கன்னியம்மா உட்கார்ந்தாள், இன்னொரு பக்கம் நான். அலை வந்து எங்களை இடுப்புவரை நனைத்தது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. முதலாளி வரவில்லை. மாடி பால்கனியில் ஒரு உருவம் வந்து பார்த்துவிட்டுப் போனது. பெரியவர் மட்டும் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றைக்கு நாங்கள் அந்த மதிலைத் தாண்டவில்லை. அடுத்த வாரம் கன்னியம்மாவோடு குப்பத்திலிருந்து இன்னும் ஆறேழு பெண்கள் வந்தார்கள். நாங்கள் அதே இடத்தில் போய் உட்கார்ந்தோம்.